ஐந்தைந்து கஜமாக ஓடியவர்

16,116 கஜம். கிலோமீட்டரில் சொன்னால் பதினான்கே முக்கால். காலை நடைக்குப் போகிற ஒருவர் கொஞ்சம் வேகமாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஜார்ஜ் ரீட் அந்தத் தூரத்தைக் கடக்க 13 வருடம் ஆயிற்று. 1963-இல் தொடங்கி 1975-இல் முடித்தார். இடைப்பட்ட ஒவ்வொரு கஜத்திலும், அவரைத் தரையில் சாய்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் 12 பேர் எதிரில் நின்றார்கள்.

அவர் பந்தை வாங்கி ஓடியது மொத்தம் 3,243 முறை. ஓர் ஓட்டத்துக்குச் சராசரி ஐந்து கஜம். துல்லியமாகக் கணக்குப் பார்த்தால் அதில் ஓர் அங்குலம் குறையும். அரங்கமே எழுந்து நின்று கத்துகிற மாதிரியான நீண்ட ஓட்டங்களால் மட்டும் சேர்ந்த கணக்கல்ல இது. பந்தை வாங்கு, கூட்டத்துக்குள் புகு, முட்டு, விழு, எழு, மறுபடி வாங்கு. பதின்மூன்று பருவம் இதையே செய்தவர், ஆட்டத்தைவிட்டுப் போனபோது உலகத்தில் எந்தத் தொழில்முறை ஃபுட்பால் வீரரும் அதுவரை ஓடியிராத தூரத்தை ஓடியிருந்தார்.

2023 அக்டோபர் 1-ஆம் தேதி ரீட் காலமானார். மறுநாள் அவருக்கு 84-வது பிறந்தநாள். கனடாவின் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. டொரன்டோவிலும் மொன்ட்ரியாலிலும் நம்மவர் இவ்வளவு பேர் குடியிருந்தும், தமிழில் இந்த மனிதரைப் பற்றிப் படிக்க வாய்ப்பு அதிகம் இருந்ததில்லை. விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து கஜத்தின் கணக்கு

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். கனடிய ஃபுட்பால் காலால் உதைத்து கோல் போடுகிற ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியோ, முன்னால் நிற்பவருக்கு வீசியோ எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அது டச்டவுன், ஆறு புள்ளி. அமெரிக்க ஃபுட்பாலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஆனால் கனடாவில் மைதானம் பெரியது. 110 கஜ நீளம், 65 கஜ அகலம். ஓர் அணிக்கு 11 பேர் அல்ல, 12 பேர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பத்து கஜம் முன்னேற அமெரிக்காவில் ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. கனடாவில் மூன்றுதான். அந்த மூன்றாவதையும் பெரும்பாலான சமயங்களில் பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்துத் தள்ளிவிடவே செலவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆபத்தான இடத்திலேயே பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். ஆக, நிஜத்தில் இருப்பது இரண்டே வாய்ப்பு. அதனால்தான் கனடிய அணிகள் வீச்சையே அதிகம் நம்பின. ஓடி ஓடி இரண்டு கஜம், மூன்று கஜம் சேர்ப்பதற்கெல்லாம் அங்கே அவகாசம் இல்லை.

இப்போது ரீட்டின் சராசரியைத் திரும்பிப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஐந்து கஜம். இரண்டு ஓட்டம் என்றால் பத்து கஜம். பத்து கஜம் வந்துவிட்டால் புதிதாக மூன்று வாய்ப்பு. தொடர்ந்து ஐந்து கஜம் தரக்கூடிய ஓர் ஆள் கையில் இருந்தால் ஓர் அணி வீசவே வேண்டியதில்லை, மூன்றாவது வாய்ப்பைத் தொடவும் வேண்டியதில்லை. கணக்கின்படி அந்த அணியை நிறுத்தவே முடியாது. ஐந்து என்ற எண்ணுக்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் மதிப்பு இதுதான். ரீட் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 203 ஆட்டங்களில் அந்த மதிப்பைக் காப்பாற்றினார்.

அவர் ஆடிய இடத்துக்கு ஃபுல்பேக் என்று பெயர். ரன்னிங் பேக் எனப்படும் ஓட்டக்காரர்களில் மிகவும் முரட்டு வேலை அவருடையது. பந்தை விநியோகிக்கும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று, பந்து கைக்கு வந்ததும் ஓரமாகச் சுற்றிப் போகாமல் நடுவில் புகுந்து போவது. கபடியில் பிடித்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுகிற ரெய்டரைப் பார்த்திருப்பீர்கள். ரீட் அந்த ரகம். ஆறடி உயரம், தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ. பந்து யாரிடம் வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கில் இருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

மிசிசிப்பியிலிருந்து கோதுமைச் சமவெளிக்கு

ரீட் பிறந்தது 1939 அக்டோபர் 2, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரில். கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பேருந்து இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய் என்று சட்டம் போட்டு ஒதுக்கிவைத்திருந்த பூமி அது. குடும்பம் அங்கிருந்து நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டன் என்ற ஊரில் அவர் வளர்ந்தார். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஃபுல்பேக்காக ஆடினார்.

1963-இல் எல்லை தாண்டி கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்கு வந்தார். அந்த வருடம் ஜூன் மாதம்தான், ரீட் பிறந்த மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

கனடாவுக்கு வந்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் ரீட் அல்லர். அவருக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்த ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஜானி பிரைட். 1951 அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு கல்லூரி ஆட்டத்தில், பந்து அவர் கையில் இல்லாதபோதே எதிரணி வீரர் ஒருவர் ஓடிவந்து முகத்தில் இடித்துத் தாடையை உடைத்தார். அது தற்செயல் அல்ல என்பதை ‘டி மோய்ன் ரெஜிஸ்டர்’ நாளிதழின் புகைப்படக்காரர்கள் இருவர் படம்படமாக எடுத்துக் காட்டினார்கள். அந்தப் படங்களுக்கு மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபிலடெல்ஃபியா அணி பிரைட்டை அமெரிக்க லீகுக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் அதை ஏற்காமல் கனடாவுக்குப் போனார். கால்கரியிலும் எட்மன்டனிலும் ஆடி 10,909 கஜம் ஓடினார். பிறகு பள்ளி ஆசிரியராகி, தலைமையாசிரியராகவும் இருந்தார். 1971-இல் அந்த 10,909 கஜத்தைத் தாண்டியவர் ரீட். பிரைட்டின் பெயரை அருகில் வைக்காமல் ரீட்டின் சாதனையை எழுதுவது நியாயமாகாது.

ரீட் வந்து இறங்கிய ரெஜைனா, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் வசித்த மாகாணத் தலைநகரம். குளிர்காலத்தில் மூச்சு உறையும். அந்த ஊருக்குப் பெரிய பெருமை ஒன்றே ஒன்றுதான்: ரஃப்ரைடர்ஸ் அணி. தனி முதலாளி கிடையாது. ஊர்மக்களே சேர்ந்து வைத்திருக்கும் அணி. உழவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டி ஓட்டிவந்து டெய்லர் ஃபீல்டு அரங்கின் மரப்பலகை இருக்கைகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆட்டக்காரர்களை வீட்டுப் பிள்ளைகளாக நினைக்கும் ஊர் என்று இன்றும் சொல்வார்கள்.

ஆனால் ரீட் தன் மனைவியுடன் குடியிருக்க வீடு தேடியபோது அதே ஊர் கதவைச் சாத்தியது. காரணம் தோலின் நிறம். மைதானத்தில் கை தட்டியவர்கள் வாடகைக்கு வீடு தரத் தயங்கினார்கள். இதை ரீட் பின்னாளில் மறைக்காமல் சொன்னார். அமெரிக்காவில்தான் இனவெறி, எங்களிடம் இல்லை என்று கனடியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தப் பெருமைக்கு ரீட்டின் முதல் வருட அனுபவம் நேரான பதில். அந்த ஊர் தன்னை மதிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. மதிக்காமல் இருக்க முடியாத ஆளாக அங்கேயே நின்றார். இந்த நிற்றலைத்தான் அவர் வாழ்க்கையில் நான் மிகப் பெரிய வீரமாகக் கருதுகிறேன்.

எட்டு தோல்விக்குப் பிறகு

1963-இல் ரீட் மட்டும் வரவில்லை. ஒட்டாவா அணியிலிருந்து ரான் லங்காஸ்டர் என்ற குட்டையான குவார்ட்டர்பேக்கும் அதே வருடம் ரெஜைனாவுக்கு வந்தார். ஒட்டாவாவிடம் ரஸ் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார், லங்காஸ்டரை விட்டுவிட்டார்கள். ‘குட்டித் தளபதி’ என்று ரசிகர்கள் செல்லமாகக் கூப்பிட்ட லங்காஸ்டர், பிற்காலத்தில் 50,000 கஜத்துக்கு மேல் வீசிச் சாதனை படைத்தார். ரீட்டுடன் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆடிய ஹியூ கேம்ப்பெல் என்ற பந்து பிடிப்பவரும் அந்த வருடமே வந்து சேர்ந்தார். ஒரே பருவத்தில் மூன்று பேர். ஓர் அணியின் தலையெழுத்தே மாறியது.

மாறுதல் வந்த முதல் வருடத்திலேயே ஊர் ஓர் அற்புதத்தைப் பார்த்தது. மேற்குப் பிரிவு அரையிறுதியில் கால்கரியுடன் இரண்டு ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி முடிவாகும். முதல் ஆட்டத்தில் 35-9 என்று படுதோல்வி. 26 புள்ளி பின்தங்கிய அணி, இரண்டாவது ஆட்டத்தில் டெய்லர் ஃபீல்டில் 39-12 என்று திருப்பிக் கொடுத்தது. கூட்டுத்தொகை 48-47. ஒரே ஒரு புள்ளி. ரெஜைனாவின் முதியவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

1965-இல் ரீட் 1,768 கஜம் ஓடினார். அவருடைய மிகச் சிறந்த பருவம் அதுதான். லீகின் தலைசிறந்த வீரருக்கான ஷென்லி விருது கிடைத்தது. ஆனால் ரெஜைனா எதிர்பார்த்தது வேறு. கிரே கோப்பை. 1909-இல் அன்றைய கனடிய கவர்னர் ஜெனரல் கிரே பிரபு கொடுத்த வெள்ளிக் கோப்பை அது. நாட்டின் சாம்பியன் யார் என்பதை அதற்கான இறுதி ஆட்டம் முடிவு செய்யும். 1923, 1928 முதல் 1932 வரை வரிசையாக ஐந்து வருடம், 1934, 1951 என்று எட்டு முறை இந்த அணி இறுதி ஆட்டத்துக்குப் போய் எட்டு முறையும் தோற்றிருந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை தோல்வியையே கண்ட ஊர்.

1966 நவம்பர் 26. வான்கூவரின் எம்பயர் ஸ்டேடியம். எதிரணி ஒட்டாவா. லங்காஸ்டரை வேண்டாம் என்று அனுப்பிய அதே ஒட்டாவா, அதே ரஸ் ஜாக்சன். அணியின் பெயரும் ஏறக்குறைய அதேதான், ‘ரஃப் ரைடர்ஸ்’. ஒரே லீகில் இரண்டு அணிக்கு ஒரே பெயர் இருந்தது கனடிய ஃபுட்பாலின் விசித்திரங்களில் ஒன்று.

இடைவேளையில் 14-14. மூன்றாவது கால் பகுதி முழுக்க இழுபறி. நான்காவதில் சஸ்காட்செவன் அடுக்கடுக்காக 15 புள்ளி சேர்த்தது. ஒட்டாவாவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. லங்காஸ்டர் அந்த ஆட்டத்தில் மூன்று டச்டவுன் வீசினார். சக ஆட்டக்காரர்களான வார்டனுக்கு ஒன்று, ஃபோர்டுக்கு ஒன்று, கேம்ப்பெலுக்கு ஒன்று. கடைசி அடி ரீட்டுடையது. 31 கஜம் ஓடி எல்லைக்குள் போய்ச் சேர்ந்தார். இறுதி எண்ணிக்கை 29-14. ரீட்டின் அன்றைய கணக்கு 133 கஜம். ஆட்டநாயகன் அவரே.

பயிற்சியாளர் ஈகிள் கீஸின் திட்டத்தில் ரகசியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ரீட்டை நடுவில் ஓடவிடு, எதிரணி உள்ளே குவியட்டும், அப்போது லங்காஸ்டர் தலைக்கு மேலே வீசட்டும். வீச்சைத் தடுக்கப் பின்வாங்கினால் மறுபடி ரீட். ஆட்டத்தின் முதல் முக்கால் நேரமும் ஐந்தைந்து கஜமாக வாங்கிய அடியெல்லாம் கடைசிக் கால் பகுதியில் எதிரணியின் கால்களில் தெரியும். அந்த 31 கஜ ஓட்டத்தை அதற்கு முன்பு அவர் ஓடிய சின்னச் சின்ன ஓட்டங்களின் பலனாகத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை திறமை இருந்தும் ரீட்டுக்குக் கிடைத்த கோப்பை அது ஒன்றுதான். 1967-இல் ஹாமில்டனிடம் 24-1 என்று தோல்வி. 1969-இல் ஒட்டாவா பழிதீர்த்தது, 29-11. 1972-இல் மறுபடி ஹாமில்டன், அதன் சொந்த மைதானத்தில். பத்தொன்பது வயதுப் பையன் இயன் சன்டர் கடைசி நொடியில் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்ப் புள்ளியாயிற்று. 13-10. நடுவில் 1970-ஐ நினைத்தால் ரெஜைனாவில் இன்றும் வலிக்கும். 16 ஆட்டத்தில் 14 வெற்றி என்று யாரும் தொட முடியாத உயரத்தில் இருந்த பருவம். மேற்குப் பிரிவு இறுதியில், கொட்டும் பனிக்காற்றில், கால்கரியின் லாரி ராபின்சன் கடைசி உதையில் ஒரே புள்ளியில் ஜெயித்துக்கொண்டு போனார். 15-14.

இதை வைத்து ரீட்டை ராசியில்லாதவர் என்று சொன்னவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கோப்பைகள் 12 பேரும், ஒரு பயிற்சியாளரும், காற்றின் திசையும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். தன் கையில் இருந்த வேலையை அந்த வேதனையான வருடங்களிலும் அவர் ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. 13 பருவத்தில் 11 பருவம் ஆயிரம் கஜத்துக்கு மேல். 1973-இல் அமெரிக்காவின் ஜிம் பிரவுன் வைத்திருந்த 12,312 கஜ சாதனையைத் தாண்டினார்.

இன்னொரு எண்ணைப் பார்த்துப் பல தடவை வியந்திருக்கிறேன். 1975, அவருடைய கடைசிப் பருவம். வயது 36-ஐத் தொட்டது. ஓட்டக்காரர்கள் முப்பதிலேயே ஓய்ந்துபோகிற தொழில் இது. அந்த வருடம் ரீட் ஓடியது 1,454 கஜம். அவருடைய 13 வருட வாழ்க்கையில் மூன்றாவது பெரிய எண்ணிக்கை.

உடம்பே மூலதனம்

இங்கிருந்துதான் ரீட் வேறொரு மனிதராக எனக்குத் தெரிகிறார். அவருடைய காலத்தில் கனடிய ஃபுட்பால் வீரர்கள் பணக்காரர்கள் அல்லர். ஆட்டப் பருவம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போவார்கள். ரீட்டே ஒரு பீர் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருந்தாலும் அதில் உத்தரவாதம் இல்லை. அணிக்கு வேண்டாமென்றால் அன்றே அனுப்பிவிடலாம்.

1965-இல் வீரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1972-இல் அதன் தலைவரானார் ரீட். அப்போது அவர் ஓய்வுபெற்றவர் அல்லர், ஒவ்வொரு வாரமும் அடிவாங்கிக்கொண்டிருந்தவர். லீகின் மிகப் பெரிய நட்சத்திரம். சங்கம், சந்தா, பேச்சுவார்த்தை என்று எதையும் தொடாமல் தன் வழியில் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு வேலை போகும் என்ற பயம் இல்லை. அந்தப் பயம் இருந்தது பெயர் தெரியாத மற்றவர்களுக்குத்தான். அவர்களுக்காகவே நாற்காலியில் உட்கார்ந்தார்.

1974-இல் பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கனடிய லீகின் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் அது. அடுத்தது வர 2022 ஆயிற்று. பருவம் தொடங்குமுன் 1974-இன் தகராறு தீர்ந்தது. அந்தப் பருவத்தில் சங்கத் தலைவர் மைதானத்தில் இறங்கி 1,447 கஜம் ஓடினார். எந்த உரிமையாளர்களுடன் மேசையில் வாதாடினாரோ அவர்களுடைய அணிகளுக்கு எதிராகத்தான் வாராவாரம் ஓடினார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மறு வருடம் ஒரு துயரம். ஹாமில்டன் அணியின் டாம் பேட், 23 வயது இளைஞர், 1975 அக்டோபரில் கால்கரியில் நடந்த ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். வீரர்கள் சங்கம் அவர் நினைவில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஆட்டத்திறனுக்கு அல்ல, சமூக சேவைக்கு. 1976-இல் அந்த விருது ரீட்டுக்குத் தரப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ அவர் தொடங்கிய அறக்கட்டளை ரெஜைனாவில் நன்கு அறியப்பட்டது.

ஓய்வுக்குப் பின்னும் சங்கத்தை விடவில்லை. 1981 வரை தலைவர். பிறகு 1986-இல் மறுபடி கூப்பிட்டார்கள், 1993 வரை இருந்தார். இரண்டாவது தடவை நிலைமை மோசம். லீக் பணமில்லாமல் தள்ளாடியது. 1987 ஜூனில், பருவம் தொடங்கும் தறுவாயில், மொன்ட்ரியால் அணியை மூடிவிட்டார்கள். ஒரே நாளில் ஓர் அணி முழுக்க வேலையிழந்தது. லீகே சாய்ந்துவிடாமலும் வீரர்களின் வயிறு காயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம். வெற்றி விழாவோ கோப்பையோ இல்லாத வேலை. மொத்தத்தில் ஏறக்குறைய பதினாறு வருடம் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். பந்துடன் ஓடியதைவிட அதிக வருடம்.

இன்று பார்க்கும்போது அந்தப் பதினாறு வருடத்தின் அருமை கூடித் தெரிகிறது. கால்கரியின் ஜான் கார்னிஷ் என்ற அருமையான ஓட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவிலேயே பிறந்தவர். 2013-இல் 1,813 கஜம் ஓடி லீகின் தலைசிறந்த வீரரானார். நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரருக்கான லூ மார்ஷ் விருதும் அந்த வருடம் அவருக்கே. இரண்டே வருடத்தில், 2015 டிசம்பரில், 31 வயதில் ஆட்டத்தைவிட்டு விலகினார். தலையில் பட்ட அடிகளின் மூளை அதிர்ச்சிதான் காரணம். படிப்பும் நிதித்துறை வேலையும் கையில் இருந்ததால் கார்னிஷால் கௌரவமாக விலக முடிந்தது. 2022-இல் கால்கரி பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் ஆனார். எல்லோருக்கும் அப்படி ஒரு மறுகரை இருப்பதில்லை. ஆர்லண்ட் புரூஸ் என்ற முன்னாள் வீரர் மூளைக் காயத்துக்காக லீக் மேல் வழக்குப் போட்டார். வீரர்கள் சங்கமும் லீகும் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி இது மத்தியஸ்தத்தில் தீர்க்க வேண்டியது, நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2018-இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. உடைந்த உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் வரிகளில்தான் இருக்கிறது. அந்த மேசையில் வீரர்கள் பக்கம் உட்காரும் ஆள் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும்.

ரீட் 3,243 முறை மோதியவர். பிடித்த பந்துகளும், பிறருக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்த மோதல்களும் இதில் சேரவில்லை. அந்த உடம்புக்குத் தெரிந்ததை அவர் மேசையில் பேசினார். வழக்கறிஞர்களுக்கு அந்த அறிவு கிடையாது.

எண்களும் எண் 34-ம்

மரியாதைகள் வரிசையாக வந்தன. 1978-இல் நாட்டின் உயரிய விருதான ஆர்டர் ஆஃப் கனடா. 1979-இல் கனடிய ஃபுட்பால் புகழரங்கம். 2006-இல் டிஎஸ்என் தொலைக்காட்சி லீகின் தலைசிறந்த 50 வீரர்களைப் பட்டியலிட்டபோது டக் ஃப்ளூட்டிக்கு அடுத்த இரண்டாம் இடம். கால்கரியில் பல காலம் இருந்துவிட்டுக் கடைசியில் ரெஜைனாவுக்கே திரும்பினார். ஒரு காலத்தில் வீடு தர மறுத்த ஊரில் அவர் நடந்து போனால் எழுந்து நின்று கை குலுக்கினார்கள்.

சாதனைகள் நிரந்தரமல்ல. 1986-இல் சிகாகோவின் வால்டர் பேய்ட்டன் 16,116 கஜத்தைத் தாண்டினார். அவரும் மிசிசிப்பியில் பிறந்தவர். ரீட்டைப் போலவே அவர் சட்டையிலும் 34. கனடிய லீகில் அந்தக் கணக்கு 2004 வரை நின்றது. அதைத் தாண்டிய மைக் பிரிங்கிள் 16,425 கஜத்தில் முடித்தார். 1998-இல் ஒரே பருவத்தில் 2,000 கஜத்தைக் கடந்த மாவீரர் பிரிங்கிள். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் 16 ஆட்டம் மட்டுமே கொண்ட பருவங்களில் ரீட் ஓடினார், பிரிங்கிள் காலத்தில் பருவத்துக்கு 18 ஆட்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரீட் 13 பருவத்தில் தவறவிட்ட ஆட்டங்கள் வெறும் ஐந்து.

கனடிய ஃபுட்பாலின் தலைசிறந்த ஓட்டக்காரர் யார் என்று கேட்டால், எண்களை வைத்துப் பிரிங்கிள் என்று ஒருவர் சொல்லலாம், மறுக்க மாட்டேன். தலைசிறந்த மனிதர் யார் என்று கேட்டால் என் பதிலில் சந்தேகமே இல்லை. ரஃப்ரைடர்ஸ் அணியில் 34 என்ற எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை. ஓடிச்சென்று எடுத்த 134 டச்டவுன்களும், 3,243 ஓட்டங்களும் இன்றுவரை கனடிய லீகில் முறியடிக்கப்படவில்லை.